ஒரு ரிங் அடித்தால் எடுக்காதே

மதியம் மூன்று மணி இருக்கும். சிரம்பான் பக்கத்துப் பாரோயில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஆபீஸ் என்று பேர் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைக்கு முந்தைய இருட்டு. பக்கத்து வீட்டில் யாரோ அவசரமாகத் துணி எடுக்கும் சத்தம், என் மடிக்கணினியின் விசிறிச் சத்தம், வேறொன்றும் இல்லை.

காலையிலிருந்து ஒரு பிழைச் செய்தி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

நான் செம்பனை ஆலைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன் என்பது இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குலை ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறினால் எடை தானாகப் பதிவாக வேண்டும். அதுதான் என் பிழைப்பு. அன்றைக்குப் பதிவாகவில்லை. அதைவிட மோசம், எடைமேடைக் கணினி உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்பதே எங்கள் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

பிழைச் செய்தியை அப்படியே எடுத்துத் தேடுபொறியில் போட்டேன். வந்த ஆங்கிலப் பக்கங்களெல்லாம் ஏற்கெனவே பார்த்து, திட்டி, மூடியவை. வெறுத்துப்போய் மூன்றாம் பக்கத்துக்குப் போனேன். மூன்றாம் பக்கத்துக்கு யாரும் போவதில்லை. அது ஊருக்கு வெளியே இருக்கிற இடம்.

அங்கே தமிழில் ஒரு தலைப்பு இருந்தது. “ஆள் இருக்கா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது.”

சொடுக்கினேன். வெள்ளைப் பக்கம், பொடி எழுத்து. மேலே வலைப்பூவின் பெயர்: பெரட்டுக் களம். அதன்கீழே, “எழுதுவது: கிராணி.”

தோட்டத்தில் வளராதவர்களுக்கு: விடிவதற்கு முன்னால் வேலைக்காரர்களை ஆபீஸ் முன்னால் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கூப்பிடுகிறவர் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் தோட்டத்தில் பெயர் விழுந்தால் “இருக்கேன்” என்று கத்த வேண்டும்.

அந்தப் பதிவில் எடுத்துக்காட்டு நிரல் ஒன்று இருந்தது. நிரலுக்குள் மாதிரித் தகவலாக ஒரு பெயர்ப் பட்டியல்.

அஞ்சலை: இருக்கேன்.
வீரம்மா: இருக்கேன்.
சின்னப்பன்: இருக்கேன்.
அங்கப்பன்: வரலை.
மாரிமுத்து: இருக்கேன்.

அங்கப்பன் என் அப்பா. அவர் இறந்து ஒரு பதினைந்து வருஷம் இருக்கும்.

கூப்பிடுகிறவர் பெயர்

அங்கப்பன் என்று ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், நீ ஏன் பதறுகிறாய் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். பட்டியலைக் கீழே உருட்டினேன். இருபத்து மூன்று பெயர்கள். இருபத்து மூன்றும் எனக்குத் தெரிந்தவை.

தெரிந்தவை மட்டுமல்ல, அதே வரிசை. அகர வரிசை இல்லை, வயது வரிசையும் இல்லை. பகாவ் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மூன்றாம் வேலைக் கூட்டம் பெரட்டில் நிற்கும் வரிசை. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீடு களத்துக்கு எதிரே இருந்ததால், பலகைச் சுவர் வழியாக அந்த வரிசையைக் கேட்டுத்தான் நான் தினமும் கண் விழித்தேன். பள்ளியில் வாய்ப்பாடு மறந்தாலும் அது மறக்காது.

எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பட்டப்பகலில் கணினித் திரைக்குப் பயந்து கதவுப் பூட்டைச் சோதித்த ஒரே மென்பொருள்காரி நானாகத்தான் இருப்பேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என்னை விட்டால், அந்த வரிசை தெரிந்தவர்கள் களத்தில் நின்றவர்கள். அவர்கள் எல்லோருடைய பெயரும் பட்டியலில் இருக்கிறது. இல்லாத பெயர் ஒன்றுதான். பெரட்டில் கூப்பிடுகிறவர் தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்வதில்லை.

எங்கள் தோட்டத்தில் கடைசியாகப் பெயர் கூப்பிட்ட சின்னக் கிராணி என் அண்ணன் குணசேகரன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு பையோடு வீட்டை விட்டுப் போனவர். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில்

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. போன மாதம் ஒரு வாசகர், மென்பொருள் படிக்கும் தன் மகளுக்கு உருப்படியான தளங்களைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். இத்தனை நாள் டிமிக்கி கொடுத்துவிட்டேன். அந்த வெள்ளைப் பக்கத்தை நான் எப்படிக் கண்டேன் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், எந்த மொழியில் எழுதுகிறீர்களோ அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கும் கையேடு. கொட்டாவி வரும். பரவாயில்லை, வாசியுங்கள். நான் மூன்று வருஷம் அதைத் திறக்காமல் சுற்றி வந்து, பிறகு ஒரே வாரத்தில் வாசித்து, அந்த மூன்று வருஷத்துக்காக அழுதேன்.

கேள்வி பதில் தளங்களில் முதல் பதிலை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். கீழே போய்ச் சண்டைகளை வாசியுங்கள். எது ஏன் தப்பு என்பது சண்டையில்தான் இருக்கும். வீடியோ வகுப்புகளைச் சமைத்துக்கொண்டே கேட்பது படிப்பு ஆகாது, அது ரேடியோ.

இன்னொரு வகை உண்டு. காலை நாலரைக்கு எழுந்தால் இரண்டு மடங்கு நிரல் எழுதலாம் என்று சொல்லும் வலைப்பூக்கள். எனக்கு அவற்றைக் கண்டாலே எரிச்சல். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் நாலரைக்கு எழுந்தவர்கள்தான். அதனால் யாரும் பெரிய ஆளாகவில்லை, தூக்கம்தான் கெட்டது.

உண்மையில் எனக்கு உதவியவை, யாரோ ஒரு தனி ஆள், ஏதோ ஒரு சிக்கலில் இரண்டு நாள் மாட்டி, வெளியே வந்ததும், திரும்ப மாட்டக்கூடாது என்று தனக்காகவே எழுதி வைத்த பக்கங்கள். பளபளப்பு இருக்காது. விளம்பரம் இருக்காது. வாசிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆனால் அதில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கங்களைத் தேடிப் போங்கள் என்றுதான் அந்த வாசகரின் மகளுக்குச் சொல்வேன்.

நான் தேடிப் போனேன். அதில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தாரா, இருந்துவிட்டுப் போய்விட்டாரா என்பதுதான் தெரியவில்லை. நான் திறந்த அதுதான் கடைசிப் பதிவு, நான்கு வருஷத்துக்கு முந்தையது. இலவசத் தளம் வேறு. எழுதியவர் போனாலும் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும்.

பக்கத்தின் அடியில் பழைய காலத்து எண்ணிக்கைப் பெட்டி ஒன்று இருந்தது. “களத்தில் இப்போது: 2” என்று காட்டியது. ஒன்று நான்.

ஒரு குரல்

அப்பா எப்படிப் போனார் என்பதை இந்தத் தொடரில் இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்றைக்கு வேலைக்குப் போவதில்லை என்று முதல்நாளே முடிவாகிவிட்டது. அண்ணனுக்கும் தெரியும், ஒரே வீடுதானே. விடியற்காலையில் கையில் டார்ச்சோடு களத்தில் நின்று பெயர் கூப்பிட்டார். சின்னப்பன் என்றார். அடுத்து, பழக்கத்தில் வாய் போய்விட்டது. அங்கப்பன் என்று கூப்பிட்டுவிட்டார்.

படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து “இருக்கேன்!” என்று கத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன். கூப்பிட்ட பேருக்குப் பதில் சொல்லாமலிருக்க அவருக்குத் தெரியாது. சொன்ன பிறகு படுத்துக்கொள்ளவும் தெரியாது. பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பத்து மணிக்கு, செம்பனை மரத்தடியில் விழுந்து கிடந்தவரை டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வெளியிலிருந்து யாராவது உங்கள் பெயரைக் கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லக்கூடாது. மூன்று குரல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவர்கள்தான் மூன்று முறை கூப்பிடுவார்கள். போனவர்களுக்கு ஒரு குரல்தான் உண்டு. அதற்குப் பதில் சொன்னால் கூடவே போக வேண்டியதுதான்.

அப்பாவைக் கிடத்தியிருந்தபோது அம்மா அண்ணனைப் பார்த்து, கத்தாமல், மெதுவாகத்தான் சொன்னார். “ஒரே ஒரு குரல் குடுத்தே. அந்தாளு எழுந்து போயிட்டாரு.”

அண்ணனுக்கு அப்பாவின் குரல். வெளியே நின்று பேசினால் யாரென்று அம்மாவுக்கே தடுமாறும். அப்படிப்பட்ட குரல்காரர், அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாயே திறக்கவில்லை. பதினேழாம் நாள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கியபோது நான் கதவருகே நின்றேன். போகாதே என்று சொல்லியிருக்கலாம். அம்மா சொன்னது சரி என்று எனக்கும் தோன்றியதால் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் படையல் போட்டுக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கும் நேரம். வீட்டுப் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

நான் ஓடினேன். அம்மா என் சடையைப் பிடித்து இழுத்தார். “எடுக்காதே! ஒரு குரல்தான் வந்திருக்கு!”

அதற்கடுத்த வருஷமும் அதே நாள், அதே நேரம், ஒரே ஒரு ரிங். அதற்கடுத்த வருஷமும். பழைய போன், எண் காட்டாது. லயத்தை விட்டு பகாவ் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு வீட்டுக்குக் குடிவந்தபோது, பயந்துகொண்டிருந்த அதே அம்மா, அதே எண்தான் வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

முதலில் அது அப்பா என்றார். சில வருஷமாக, “அவரில்லை, அது குணா. அவனும் போயிட்டான். அதான் ஒத்தக் குரல் குடுக்குறான்” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். இந்த வருஷம் மாமா வேறு வந்து, காணாமல்போய்ப் பன்னிரண்டு வருஷம் தாண்டினால் போனவர்களோடு சேர்த்துவிட வேண்டும் என்று எடுத்துக்கொடுத்துவிட்டார். வரும் தீபாவளிப் படையலில் அண்ணனுக்கும் ஓர் இலை என்று முடிவாகியிருந்தது.

அந்தத் தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாத சமயத்தில்தான் எனக்கு இந்த வெள்ளைப் பக்கம் கிடைத்தது.

ஆள் இருக்கா, இல்லையா?

எடைமேடை எக்கேடோ கெடட்டும் என்று அந்தப் பதிவை முழுதாக வாசித்தேன்.

விஷயம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூரத்தில் இருக்கும் கணினி குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை “இருக்கேன்” என்று ஒரு சின்ன சமிக்ஞை அனுப்பும். வேறு எந்தச் சேதியும் கிடையாது. பதிலும் தேவையில்லை. வந்தால் உயிரோடு இருக்கிறது, வராவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பு என்று பெயர்.

ஆங்கிலத்தில் இதைப் பத்து இடத்தில் வாசித்திருக்கிறேன். கிராணி அதை விளக்கிய விதம் வேறு.

“நான் சிரம்பானில் படிக்கப் போனபோது அம்மா சொல்வார்: போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு ரிங் குடு. எடுக்க மாட்டேன், உனக்குக் காசு போகும். ஒரு ரிங் வந்தால் நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம். இதுதான் இதயத் துடிப்பு. நான் இன்னும் வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் செய்கிறேன். பேசுவதில்லை. என் குரலால் ஒரு தடவை நடந்தது போதும்.”

நான் அழுதேன். மேசையில் தலையை வைத்து, சத்தம் போட்டே அழுதேன். அண்ணன் அம்மாவிடம் நான் இருக்கேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு வருஷமும் அதை அவருடைய சாவாகக் கேட்டிருக்கிறோம். ஒரு ரிங் குடு என்றதும் ஒரு குரலுக்குப் பதில் சொல்லாதே என்றதும் ஒரே வாய். அண்ணன் முதல் பேச்சைக் கேட்டார், நான் இரண்டாவதைக் கேட்டேன்.

பதிவின் கடைசிப் பகுதியை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். வாசிக்காமல் விட்டிருக்கலாம்.

“போன வருஷம் வேலையில் மாட்டி நேரம் தவறப் பார்த்தது. அதனால் இனி இந்த வேலையை மெஷினிடம் ஒப்படைக்கிறேன்.” கீழே நிரல். தீபாவளித் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும் அல்லவா, அதனால் வரப்போகும் வருஷங்களின் தேதிகளைக் கையாலேயே வரிசையாக எழுதி வைத்திருந்தார். அந்தத் தேதியில், சாயங்காலம் ஆறரைக்கு, ஒரு ரிங். எடுப்பதற்குள் வெட்டிவிடும்.

தேதி வரிசையில் ஐந்து வரிகள். ஐந்தாவது வரி இந்த வருஷம். அதற்குமேல் யாரும் சேர்க்கவில்லை.

நசீரைக் கூப்பிட்டேன். நசீர் என்னோடு வேலை செய்பவர், லுக்குட் ஊர்க்காரர், எதையும் அழகுபடுத்திச் சொல்லத் தெரியாதவர். வீடியோவில் நிரலைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். தாடையைச் சொறிந்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“ரேணு, கோவப்படாத. நாலு வருஷமா ரிங் வருதுன்னா மெஷின் உசுரோட இருக்கு. அதுக்கு மேல இந்தப் புரோகிராம் ஒண்ணும் சொல்லாதுலா.”

“கரண்ட் பில்லு யாராவது கட்டணுமே?”

“எங்கயாவது ஒரு ஆபீஸ் மூலையில ஓடிக்கிட்டு இருக்கும். என்னான்னே தெரியாம யாரும் ஆஃப் பண்ண மாட்டாங்க. நம்ம ஆபீஸ்லயே அப்படி ரெண்டு இருக்கு.”

“கீழே ரெண்டு பேர்னு காட்டுதே நசீர்.”

“தேடுபொறி மெஷின் வந்து மேயும்லா,” என்றார். பிறகு அவரும் அந்தப் பக்கத்தைத் திறந்தார். எண்ணிக்கை மூன்றானது. “நான் மூடிட்டேன்,” என்றார். இரண்டுக்கு இறங்கியது. இரண்டிலேயே நின்றது.

முறுக்கு உரல்

சனிக்கிழமை பகாவ் போனேன். அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். வீடு முழுக்க எண்ணெய்ப் புகை. போன், பூப்போட்ட துணி போர்த்தி, முக்காலியில் உட்கார்ந்திருந்தது.

“அம்மா, அந்த ரிங் அண்ணன்தாம்மா அடிக்குது.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

“உசுரோட இருந்து அடிக்குதும்மா! சிரம்பான்ல படிக்கிறப்ப ஒரு ரிங் குடுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அதைத்தான் இன்னும் செய்யுது.”

அம்மாவின் கை உரலின் மேல் நின்றது. முறுக்கு பாதி வளையத்தில் அறுந்து எண்ணெயில் விழுந்தது. கைப்பேசியில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதியை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விட முடியவில்லை.

அம்மா முழுதும் கேட்டார். “அப்ப, இப்ப அடிக்கிறது அவனா, மெஷினா?”

“மெஷின்.”

“மெஷின் அவன் போயிட்டாலும் அடிக்குமா?”

“அடிக்கும்.”

“அப்புறம் என்னாத்துக்குடி எங்கிட்ட வந்து சொல்றே?”

அம்மா கருகிய முறுக்கை எடுத்து வெளியே போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

“உசுரோட இருக்கிறவன் மூணு குரல் குடுப்பான். மூணு தரம் அடிக்கச் சொல்லு, நம்புறேன். இல்லன்னா நான் இலை போட்டுருவேன். பதினஞ்சு வருஷமா வாசல்ல வந்து நிக்கிறானே, ஒரு வாய் சோறு யாரு போட்டா? எத்தனை வருஷம் பசியோட நிப்பான் எம்புள்ள?”

அப்போதுதான் எனக்கு அம்மாவின் அவசரம் புரிந்தது. அண்ணன் உயிரோடு இருந்தால் அந்த இலை அவரைக் கொல்லும். போயிருந்தால், போடாத இலை அவரைப் பட்டினி போடும். அம்மா இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு தீபாவளியும் சமைத்திருக்கிறார்.

அண்ணனை எட்ட எனக்கு இருந்த வழி ஒன்றுதான். பதிவின் அடியில் இருக்கும் கருத்துப் பெட்டி.

முதல் நாள் எழுதினேன்: “குணாண்ணே, நான் ரேணு.” மறுநாள்: “அம்மா ஒரு ரிங்கைப் போனவங்க குரல்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நாங்க எடுக்காததுக்கு அதுதான் காரணம்.” மூன்றாம் நாள்: “இந்த வருஷம் உனக்கு இலை போடப் போறாங்க. இருந்தா மூணு தரம் அடி. உன் குரலால ஒண்ணும் நடக்கலை. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

மூன்றுக்கும் ஒரே பதில்தான் திரையில் வந்தது. உங்கள் கருத்து அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அனுமதி கொடுக்க வேண்டியவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வியே.

தினமும் பார்த்தேன். காலையில், மதியத்தில், மீட்டிங் நடுவில். அப்பா பெயருக்கு எதிரே ‘வரலை’ என்றே இருந்தது. எத்தனை பதிவுகளில் அந்தப் பட்டியல் வந்ததோ அத்தனையிலும் அப்படித்தான். அன்றைக்குக் களத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை அண்ணன் வருஷக்கணக்காகத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார்.

கருத்துகள் அப்படியே காத்திருந்தன. களத்தில் இப்போது: 2.

மூன்றாவது இலை

தீபாவளிக்கு முதல் நாள். மாமா வந்திருந்தார். அப்பா படத்துக்கு முன்னால் மூன்று இலைகள். போனவர்களுக்குப் போடும் இலையின் நுனி தெற்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம், மற்ற வீடுகளில் எப்படியோ. மூன்றாவது இலையையும் அம்மா நுனியைத் தெற்கே வைத்துத்தான் போட்டார். அண்ணனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பால் பண்ணியிருந்தார். சோறு மட்டும் இன்னும் வைக்கவில்லை.

“மணி என்னாச்சு?” என்றார்.

சொன்னேன். தாமானில் பிள்ளைகள் கொளுத்தும் பட்டாசுகூட அந்த நிமிஷம் ஓய்ந்திருந்தது.

ஆறரைக்கு போன் அடித்தது. ஒரு தடவை. நின்றது.

“வந்துட்டான்,” என்றார் அம்மா, விருந்தாளி வந்த மாதிரி. அகப்பையை எடுத்துச் சோற்றை அள்ளினார். மெஷின் தன் கடைசி வேலையைச் செய்து முடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்துத் தடுக்கவும் தோன்றவில்லை. மாமா சூடத்துக்குத் தீக்குச்சி கிழித்தார்.

போன் அடித்தது. ஒரு தடவை. நின்றது.

அந்த நிரல் எனக்கு மனப்பாடம். அதில் இரண்டாவது ரிங் கிடையாது. மாமாவின் தீக்குச்சி விரல் வரை எரிந்து, அவர் உதறினார். அம்மா அகப்பையோடு அப்படியே குனிந்து நின்றார். சோற்றின் ஆவி அவர் முகத்தில் அடித்தது. இலையில் ஒரு பருக்கையும் விழவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம். இரண்டாவது தடவை அடித்துவிட்டு ஒருவர் எங்கோ தைரியத்தைத் திரட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எதுவும் தோன்றவில்லை.

மூன்றாவது தடவை அடித்தது. நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

அம்மா அகப்பையைப் பானையில் வைத்தார். குனிந்து, மூன்றாவது இலையை இரண்டு கையாலும் எடுத்து, நுனியைத் திருப்பிப் போட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலிக்குப் போனார். பதினைந்து வருஷமாக இந்த நேரத்தில் எங்களைத் தொட விடாத அந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

“குணா,” என்றார். பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி, ஒரே ஒரு குரல்.

நான் அறையின் இந்த மூலையில் நின்றேன். எனக்கே கேட்டது. அப்பாவின் குரல்தான் அது, அச்சு அசல்.

“இருக்கேன்.”